நிற்கத் தெரியாத அக்காவும் நின்றுபோன வண்டியும்

ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவரைப் பார்த்து “ஏன் இவ்வளவு அவசரம்?” என்று யாரும் கேட்பதில்லை. அந்த ஒரு வசதிக்காகத்தான் தன் அக்கா அந்த வேலையில் சேர்ந்தாள் என்று அவளுடைய தம்பி பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிவான். அக்காவுக்கு ‘சைரன்’ என்று பெயர் வைத்தவனும் அவன்தான். ஆம்புலன்ஸில் இருக்கிற சைரனுக்காவது அணைக்க ஒரு பொத்தான் உண்டு, அக்காவுக்கு அதுவும் கிடையாது என்பது அவன் தரப்பு விளக்கம். பெயர் நன்றாக ஒட்டிக்கொண்டது. மருத்துவமனை வாசலில் டாக்டர்களே “சைரன் அக்கா வந்தாச்சா?” என்றுதான் கேட்டார்கள்.

அவள் வீட்டில் டீ கொதித்ததாகச் சரித்திரம் இல்லை. பாத்திரத்தின் ஓரத்தில் முதல் குமிழி எட்டிப் பார்த்ததுமே இறக்கிவிடுவாள். லிஃப்ட் வரும்வரை அதன் பொத்தானை விடாமல் குத்திக்கொண்டிருப்பாள், குத்துகிற வேகத்துக்குப் பயந்து அது சீக்கிரம் வரும் என்பதுபோல. சினிமாவில் கடைசிக் காட்சிக்கு முன்பே குனிந்து செருப்பைத் தேடுவாள். “அதான் தெரிஞ்சுபோச்சே, ரெண்டு பேரும் சேர்ந்துடுவாங்க. வாங்க, போலாம்.”

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த கணவர் தையல்காரர். வாடிக்கையாளர் வந்து நின்றதும் “பட்டன் மட்டும்தான் பாக்கி” என்று சொல்கிற வகைத் தையல்காரர். துணி அலமாரியில் வெட்டப்படாமல் மடித்தபடியே இருக்கும், ஆனாலும் பட்டன் மட்டும்தான் பாக்கி. பள்ளிக்கூடச் சட்டைக்கு அளவு கொடுத்தவன் சட்டை கைக்கு வரும்போது கல்லூரியில் இருப்பான் என்று தெருவில் ஒரு பேச்சு உண்டு. அது அபாண்டம். அப்படி நடந்தது ஒரே ஒரு முறைதான்.

இனி வண்டிக்கு வருவோம். அது அவளுடைய அப்பாவின் மோட்டார் சைக்கிள். கறுப்பு டேங்க், பக்கவாட்டில் வெள்ளிக் கோடு, கிளம்பும்போது தொண்டையைச் செருமிக்கொள்கிற ஒற்றைச் சிலிண்டர். அப்பா வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டர் பார்க்கிற உத்தியோகத்தில் இருந்தவர். தம்பிக்கு மீசை அரும்பியதும் சாவியை அவன் கையில் கொடுத்தார். அவனுக்கு மூத்தவள் போய்க் கேட்டபோது, “கிக்கர் திருப்பி அடிச்சுக் கால் போச்சுன்னா உன்ன யாரு கட்டிப்பா?” என்றார். தம்பியின் கால் போனால் அவனை யார் கட்டிக்கொள்வார்கள் என்று அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. வண்டியைக் கழுவித் துடைக்கிற உரிமை மட்டும் மகளுக்குத் தாராளமாக வழங்கப்பட்டது.

பிறகு அந்த மகள் ஆம்புலன்ஸ் ஓட்டினாள். அப்பாவுக்கு நெஞ்சு வலி வந்தபோது அவரையே ஏற்றிக்கொண்டும் போனாள். பின்னால் படுத்திருந்தவர் “மெதுவாப் போம்மா” என்றாரே தவிர, நீ ஓட்டாதே என்று சொல்லவில்லை. அந்த முறை பிழைத்து வீடு வந்தார். ஆனால் மோட்டார் சைக்கிள் சாவி மட்டும் கடைசிவரை அவர் சட்டைப் பையை விட்டு இறங்கவே இல்லை.

அவருக்குப் பிறகு வண்டி அப்பா வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. தம்பி கார் வாங்கிவிட்டான். அக்காவுக்கு மட்டும் உள்ளே ஒன்று அரித்துக்கொண்டே இருந்தது. அதைத் தன் காலால் உதைத்துக் கிளப்ப வேண்டும். ஏறி உட்கார்ந்து தெருமுனையைத் தாண்ட வேண்டும். ஒரே ஒரு தடவை போதும். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாவிட்டாலும் தையல்காரருக்குத் தெரியும். மனிதர்களை அளவெடுத்தே பிழைக்கிறவரிடம் எதை மறைப்பது?

தம்பிக்குத் தொழில் வீட்டுத் தரகு. ஜன்னல் இல்லாத அறையைத் ‘தூசி வராத அறை’ என்று சொல்லி வாடகைக்கு விட்டவன். ஒருநாள் போன் செய்தான்.

“அக்கா, கொட்டகைக்கு ஆள் புடிச்சிட்டேன். அச்சாபீஸ்காரரு. மழை முடிஞ்சதும் மிஷின இறக்குறாராம். அந்த வண்டிய இரும்புக் கடைக்குப் போட்டுடறேன்.”

“போடக் கூடாது.”

“அப்ப உன் மூணாவது மாடிக்குத் தூக்கிட்டுப் போயி கட்டில்ல படுக்க வச்சுப் போர்த்தி விடு.”

“ஓட வச்சு எடுத்துட்டுப் போறேன்டா.”

மறுமுனையில் தம்பி சிரித்த சிரிப்பில் யாரோ கதவைத் திறந்து என்ன என்று கேட்டார்கள். “நீயா? டீ கொதிக்கிற வரைக்கும் நிக்காதவ, அத உக்காந்து ரிப்பேர் பண்ணப் போறியா? சரி, பந்தயம். கொட்டகைய காலி பண்ற அன்னிக்கு நீ உதைக்கணும், அது ஓடணும். ஓடுச்சுன்னா உனக்கு. ஓடலன்னா இரும்பு…”

“சரி” என்று வைத்துவிட்டாள். அவன் முடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்பது அவளுக்குத் தேவைப்படவில்லை.

முதல் நாளே முடித்துவிடலாம் என்றுதான் போனாள். ஆம்புலன்ஸில் ஏதாவது கோளாறு என்றால் பணிமனையில் விட்டுவிட்டு வேறு ஒன்றை எடுத்துக்கொண்டு பறப்பது அவள் வழக்கம். வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க அவளுக்கு நேரம் இருந்ததில்லை. தார்ப்பாயை உருவினாள். எலி ஒன்று விடைபெற்றுக்கொண்டது. டேங்கில் பெட்ரோல் ஊற்றினாள், கிக்கரை உதைத்தாள். சுவரை உதைத்ததுபோல இருந்தது. மறுபடி உதைத்தாள். வேடிக்கை பார்க்க வந்த தம்பி பின்னால் நின்று கைதட்டினான். அது போதாதா? துள்ளி எழும்பி, உடம்பின் மொத்தக் கனத்தையும் கிக்கரின்மேல் இறக்கினாள்.

உள்ளே ‘டக்’ என்று ஒரு சத்தம். கிக்கர் மணிக்கட்டு முறிந்த கைபோலத் தொங்கியது.

“பேஷண்ட் அவுட்” என்றான் தம்பி.

உதிரிப் பாகங்கள் விற்கிற கடைக்காரர் உடைந்த துண்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். யாரோ அவருக்கு வேண்டியவரின் எலும்பு என்று நினைக்கத் தோன்றும்.

“இந்த மாடலா? இதச் செஞ்ச கம்பெனியே இப்ப குக்கர் செய்யுதும்மா.”

“கிடைக்குமா, கிடைக்காதா?”

“சொல்லி வைக்கிறேன். வரும்.”

“எப்ப வரும்?”

“வரும்போது வரும்.”

“அண்ணே, நான் ஆம்புலன்ஸ் ஓட்டுறவ. வரும்போது வர்றேன்னு நான் சொன்னா ஆளு செத்துடும்.”

“உங்க வண்டி ஏற்கெனவே செத்துதானே கிடக்கு? இனிமே என்னம்மா அவசரம்?”

சைரன் அக்கா வாயடைத்துப் போனதை அந்தக் கடைவீதி முதன்முறையாகப் பார்த்தது. கடைக்காரர் அதைச் சாதகமாக்கிக்கொண்டு இன்னும் கொஞ்சம் சொன்னார். வருஷக்கணக்காக நின்றதில் பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிப் பிடித்திருக்கும். இனி உதைக்கிற வேலையே வேண்டாம். பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். அவ்வப்போது கியரைப் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் தொட்டில்போல ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆட்டத்தான் வேண்டும், இழுக்கக் கூடாது.

“எவ்வளவு நேரம் ஊறணும்?”

“நேரமா?” என்று கடைக்காரர் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். “நேரங்குறாங்க.”

எண்ணெய் விட்டாள். மறுநாள் வேலை முடிந்து போய்ச் சக்கரத்தை ஆட்டினாள், அசையவில்லை. அடுத்த நாளும் அசையவில்லை. அதற்கடுத்த நாள் சக்கரத்தைப் பார்த்து வாய்விட்டுத் திட்டினாள். அந்தத் திட்டை இங்கே அச்சிட முடியாது. அச்சாபீஸ்காரரே ஒப்புக்கொள்ள மாட்டார். கொட்டகைத் தகரத்தின்மேல் மழை படபடத்துக்கொண்டிருந்தது. சுத்தியலை எடுத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அதைத் தொலைவில் ஒரு மூலையில் கொண்டுபோய் வைத்துவிட்டு, கை கழுவிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

“என்ன ஆச்சு?” என்றார் தையல்காரர்.

“ஒண்ணும் ஆகல. அதான் ஆச்சு.”

“அப்ப சரியாத்தான் போகுதுன்னு அர்த்தம்” என்றார் அவர், ஊசியில் நூல் கோத்தபடி. ஒன்றும் ஆகாமல் நாள் போவதில் அவருக்கு நீண்ட அனுபவம் இருந்தது.

இந்தச் சமயத்தில் ஒரு சாரக்கட்டிலிருந்து கொத்தனார் ஒருவர் விழுந்துவிட்டார். முதுகில் அடி. அவரைப் பலகையில் கட்டி அக்காவின் ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். பின்னால் இருந்த நர்ஸ் கண்ணாடி வழியாகப் பார்த்துத் தலையசைத்தார். அதற்கு அர்த்தம் அவளுக்குத் தெரியும். சைரனை அணைத்தாள். முதுகெலும்பு அடிபட்டவரை ஏற்றினால் வேகம்தான் எதிரி. ஒவ்வொரு பள்ளத்தையும் முன்கூட்டியே பார்த்து, தளும்பத் தளும்பப் பால் நிறைத்த குடத்தைத் தூக்கிப் போகிறவள்போல ஓட்டினாள். பின்னால் ஒரு கார்க்காரர் ஹாரன் அடித்துத் தீர்த்தார். அவள் திரும்பியே பார்க்கவில்லை. மருத்துவமனையில் இறக்கியபோது கொத்தனார் தன் கால் விரலை அசைத்துக் காட்டினார்.

அன்று நேராகக் கொட்டகைக்குப் போனவள் திட்டவில்லை. ஒரு பழைய ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சக்கரத்தைச் சும்மா பிடித்தபடி ஆட்டினாள். ஒட்டிக்கொண்டதை அடித்துப் பிரித்தால் எது உடையும் என்று தெரியாதல்லவா? இதுவும் பலகையில் கட்டி ஏற்ற வேண்டிய ஆள்தான் என்று அவளுக்குப் பட்டது. கியரைப் போட்டு ஆட்டுவது, எண்ணெய் விடுவது, வீட்டுக்குப் போவது. இதுவே பல நாள் நடந்தது. தம்பி எட்டிப் பார்த்து, “என்னக்கா, தாலாட்டா?” என்று கேட்டுவிட்டுப் போவான். “கதவச் சாத்திட்டுப் போடா, குழந்த முழிச்சிக்கும்” என்பாள்.

பிறகு ஒரு மாலை, சக்கரம் ஒரு விரற்கடை நகர்ந்தது.

போனை எடுத்தாள். “ஏங்க, அசைஞ்சிடுச்சுங்க!”

“யாரு?”

“பிஸ்டன்!”

“நல்லா இருக்காரா?” என்றார் தையல்காரர், எதிரே அளவு கொடுக்க நின்றவரின் தோளிலிருந்து டேப்பை எடுக்காமலே.

பொறுமை வந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். அவளும் நினைத்தாள். அந்தத் தெம்பில் வண்டியைப் பிரிக்க உட்கார்ந்தவள், கழற்றிய நட்டு, போல்ட், வாஷர் எல்லாவற்றையும் ஒரே வாளியில் ‘டிங், டிங்’ என்று போட்டுக்கொண்டே போனாள். அந்தச் சத்தம் கேட்கக் கேட்க வேலை நடப்பதாகத் தோன்றியது. எல்லாம் பிரித்து முடித்து, சுத்தம் செய்து, திருப்பி மாட்ட உட்கார்ந்தபோதுதான் வாளியை எட்டிப் பார்த்தாள். உள்ளே ஒன்றுக்கொன்று உறவே இல்லாத ஒரு பெருங்கூட்டம்.

தையல்காரர் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. அது மிகப் பெரிய காரியம்.

“மாட்டு. ஆனா இறுக்காத” என்றார்.

“இறுக்காம எப்படி நிக்கும்?”

“கோட்டு தைக்கும்போது நாங்க என்ன பண்றோம்? மொதல்ல பெரிய பெரிய தையலா கையால ஓட்டிப் பிடிப்போம். போட்டுப் பாப்போம். தோள் சரியா உக்காந்துச்சா, கை தூக்குதான்னு எல்லாம் பாத்த பிறகுதான் மிஷின். எடுத்த எடுப்புல மிஷின் ஓட்டுறவன் துணியக் கொல்றவன்.”

“அதுக்காகத்தான் நீங்க வருஷக்கணக்கா கையாலேயே ஓட்டுறீங்களா?”

“பேச்ச மாத்தாத. அந்த நீளப் போல்ட்ட எடு.”

அப்படியே செய்தார்கள். எல்லாவற்றையும் கைவிரலால் மட்டும் திருகி, அரைகுறையாக மாட்டி, தவறான இடத்தில் நுழைந்ததைப் பிடுங்கி, சரியான இடம் தேடி. சில போல்ட்டுகளுக்கு இடமே கிடைக்கவில்லை. சில இடங்களுக்குப் போல்ட்டே கிடைக்கவில்லை. வரும்போது வரும் என்று சொன்ன கடைக்காரரிடமிருந்து, குறைந்த போல்ட்டுகளோடு, கிக்கரின் பாகம் வரும்போது வந்தது. அக்கா அதை வாங்கிக்கொண்டு “நன்றி” என்றாள். கடைக்காரர் பயந்துவிட்டார்.

ஒரு பாகம் மட்டும் மிச்சமிருந்தது. அடியில் இருக்கிற எண்ணெயை மேலே ஏற்றுகிற ஆயில் பம்பு. அதன் இரண்டு இரும்புத் துண்டுகளுக்கு நடுவில், எண்ணெய் கசியாமலிருக்கத் தடித்த காகிதத்தில் ஒரு தாள் வைப்பார்கள். கேஸ்கெட் என்று பெயர். பழையது மொறுமொறுப்பாகி ஓரம் உதிர்ந்திருந்தது. கடையில் கிடைக்காது. “காகிதம்தானே?” என்றார் தையல்காரர். பழையதை மேலே வைத்துக் கோடு போட்டு, தன் பெரிய கத்தரிக்கோலால் புதியதை வெட்டினார். அடடா, என்ன ஒரு வெட்டு! வளைவில் ஒரு பிசிறு இல்லை. அக்காவே மெச்சி, அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இப்படியாக மழை நின்றது. கொட்டகையைக் காலி செய்கிற நாள் வந்தது.

தம்பி வந்தான். இரும்புக் கடைக்காரர் தன் சிறிய லாரியோடு, தோளில் கயிற்றோடு வந்தார். வண்டி நடுவில் நின்றது. துரு போன இடத்தில் பளபளப்பு இல்லாவிட்டாலும் சுத்தம் இருந்தது. எல்லா போல்ட்டும் இறுகியிருந்தது. பிளக்கில் நீலப் பொறி வருவதை அக்கா முந்தின நாளே பார்த்துவிட்டாள். டேங்கில் புதுப் பெட்ரோல். உதைத்தால் பிடிக்கும். அவளுக்கு அதில் சந்தேகம் இல்லை.

ஆனால் ஒன்று குறைந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு, கிக்கரைக் கையால் அமுக்கி அமுக்கி எஞ்சினைச் சுற்றினால் எண்ணெய் மேலே வந்துசேர வேண்டும். சிலிண்டரின் தலையில் இருக்கிற சின்ன மூடியைத் திறந்து வைத்து, விடிந்ததிலிருந்து அமுக்கிக்கொண்டிருந்தாள். மூடிக்குள் விரலை விட்டுப் பார்த்தால் காய்ந்த இரும்பு.

“என்னக்கா, மேக்கப்பெல்லாம் ஆச்சா? உதை” என்றான் தம்பி.

“எண்ணெய் மேல வரலடா.”

“அது அப்புறம் மெதுவா வரட்டும். ரெண்டு தடவை படபடன்னு அடிச்சாப் போதும், நான் ஒத்துக்கிறேன். வண்டி உனக்கு.”

“எண்ணெய் இல்லாம ஓடினா உள்ள ஒண்ணோட ஒண்ணு தேய்ச்சுக் கடிச்சுக்கும்டா.”

“ஒரு நிமிஷம்க்கா! ஒரு நிமிஷத்துல என்ன ஆயிடும்?”

ஒரு நிமிஷத்தில் என்னவெல்லாம் ஆகும் என்று அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தத் தெருவில் யாரும் இல்லை. பிளக்கை மாட்டினாள். கிக்கரின்மேல் காலை வைத்தாள். தம்பி கைதட்டத் தயாரானான். இரும்புக்காரர் கயிற்றைக் கீழே வைத்தார். இத்தனை வருஷம் அவள் காத்திருந்தது அந்தக் காலுக்குக் கீழேதான் இருந்தது. ஓர் உதை. சத்தம் வரும். வண்டி அவளுடையதாகும். அதன் பிறகு அது எத்தனை நாள் உயிரோடிருக்கும் என்பதுதான் கேள்வி. முழங்கால் தானாகவே மடங்கி உயர்ந்தது.

காலை எடுத்துவிட்டாள்.

“இன்னிக்கு உதைக்க மாட்டேன்.”

“அப்ப தோத்துட்ட.”

“தோத்துட்டேன்.”

தம்பி அவள் ஜெயித்தால் சொல்ல ஒரு கிண்டலும் தோற்றால் சொல்ல ஒரு கிண்டலும் தயாரித்து வந்திருந்தான். இரண்டும் பயன்படவில்லை. “உடம்பு கிடம்பு சரியில்லையா உனக்கு?” என்று மட்டும் கேட்டான், கொஞ்சம் உண்மையாகவே.

அவள் டேங்கைத் துணியால் துடைத்தாள். சின்ன வயதில் துடைத்த அதே பழக்கம். துடைத்துவிட்டு விலகி நின்றாள், இரும்புக்காரருக்கு வழிவிட்டு.

அப்போதுதான் தையல்காரர் கழுத்தில் டேப்போடு முன்னால் வந்தார். “மாப்ள, பந்தயப்படி வண்டி இப்ப யாருது?”

“இவருது மாமா” என்றான் தம்பி, இரும்புக்காரரைக் காட்டி. முகத்தில் ஈயாடவில்லை.

“சரி. அண்ணே, இது உங்க வண்டி. எனக்குக் குடுக்கிறீங்களா? பதிலுக்கு உங்களுக்கு நல்ல துணியில ரெண்டு பேண்ட் தச்சுத் தர்றேன்.”

இரும்புக்காரர் யோசித்தார். அவரும் அதே தெருக்களில் சுற்றுகிறவர்தான். “குடுக்கலாம் சார். ஆனா நான் உயிரோட இருக்கும்போதே பேண்ட் கைக்கு வந்துடுமா?”

“அதுக்கு நான் பொறுப்பு” என்றாள் சைரன் அக்கா. எங்கிருந்து அவ்வளவு வேகமாகக் குரல் வந்ததோ, தெரியவில்லை.

“சரி, எங்க வைக்கப் போற, மாமா? மூணாவது மாடியா?” என்றான் தம்பி. ஆனால் அவன்தான் முதலில் குனிந்து முன்சக்கரத்தைத் தூக்கினான். இரும்பு ஏற்ற வந்த லாரியில் வண்டி ஏறியது. தையல் கடை வாசலில் மெல்ல இறங்கியது. “என் தொழில்ல இரும்ப இறக்கி வச்சிட்டு வெறுங்கையோட போறது இதான் மொதத் தடவ” என்று இரும்புக்காரர் இடுப்பைத் தடவிக்கொண்டே தன் அளவைக் கொடுத்தார்.

கடையில் வண்டி நிற்கிற அகலத்தில் ஒரே இடம்தான் இருந்தது. போட்டுப் பார்க்கிற அறை. மூன்று பக்கமும் கண்ணாடி, முன்னால் ஒரு திரை. தையல்காரர் அதைத் தயங்காமல் காலி செய்தார். பேண்ட் போட்டுப் பார்க்க வந்தவர்கள் வண்டியைக் கட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றார்கள். ஹேண்டில்பாரில் சட்டையைத் தொங்கவிட்டார்கள். “சீட்டுல உக்காந்து பாருங்க, இடுப்பு இறுக்குதான்னு தெரியும்” என்று தையல்காரர் அதையும் ஒரு வசதியாக்கினார். இரும்புக்காரரின் பேண்ட் சொன்ன நாளில் தயாராகிவிட்டது. தெருவில் யாரும் இன்னும் அதை நம்பவில்லை.

அக்கா வேலை முடிந்ததும் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். கெடு என்று ஒன்று இல்லாமல் போனது அவளுக்கு முதலில் என்னவோபோல இருந்தது. அதிகாரி இல்லாத அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பதுபோல. பிறகு பழகிவிட்டது. எண்ணெய் ஏன் ஏறவில்லை என்று ஒவ்வொரு குழாயாகக் கழற்றி, ஊதி, ஒரு தட்டில் வரிசையாக வைத்தாள். எல்லாம் சுத்தமாக இருந்தது. கடைசியாகப் பம்பைத் திறந்தாள். தையல்காரர் வெட்டிய அழகான கேஸ்கெட்டை உரித்து எடுத்து, பழையதை அதன் பக்கத்தில் வைத்து, இரண்டையும் விளக்குக்கு நேராகப் பிடித்தாள்.

பழையதில் ஓர் ஓரத்தில் புள்ளியாக வெளிச்சம் தெரிந்தது. புதியதில் இல்லை.

“ஏங்க.”

“ம்.”

“இந்தச் சின்ன ஓட்ட புதுசுல எங்க?”

தையல்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். “அதுவா? பூச்சி அரிச்சதுன்னு நெனச்சேன். பழைய சட்டைய வச்சு அளவு வெட்டும்போது கிழிசலையும் சேர்த்தா வெட்டுவாங்க? அத விட்டுட்டு வெட்டினேன்.”

எண்ணெய் போக வேண்டிய வழியே அதுதான். அவர் தன் தொழில் தர்மப்படி அதை அடைத்துவிட்டார். அக்கா அவரைப் பார்த்தாள். கண்ணாடியில் மூன்று பக்கமும் இருந்த தையல்காரர்கள் ஒரே நேரத்தில் ஒரு அடி பின்வாங்கினார்கள். அவளுக்குள் என்னவோ கிளம்பி மேலே வந்தது. சைரன்தான் என்று அவர் நினைத்தார். அது சிரிப்பு. வண்டியின் சீட்டைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிரித்து முடித்தபோது அவள் முகம் மாறியது. “அன்னிக்கு உதைச்சிருந்தேன்னா…”

“உதைக்கலையே” என்றார் அவர். பட்டன் துளை போடுகிற சின்ன உளியை எடுத்து, பழையதைப் பார்த்து அளந்து, ஒரே தட்டில் அந்த வழியைத் திறந்து கொடுத்தார்.

பம்பை மாட்டி, கிக்கரைக் கையால் அமுக்கத் தொடங்கினாள். எண்ணவில்லை. மூடிக்குள் முதலில் ஈரமாக ஒரு மினுக்கம் தெரிந்தது. பிறகு எண்ணெய் தேனைப்போல வழிந்து வந்து அவள் விரலைத் தொட்டது. அந்த விரலை யாருக்காவது காட்ட வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் பாதி தைத்த சட்டையோடு நின்றிருந்த ஒரு வாடிக்கையாளரிடம் காட்டினாள். அவரும் “ரொம்ப நல்லது” என்றார்.

மறுநாள் காலை விடுமுறை. வண்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தம்பி எப்படியோ மோப்பம் பிடித்து வந்து நின்றான். அவள் உதைத்தாள். ஒன்றும் இல்லை. யாரும் கைதட்டவில்லை. சோக்கைக் கொஞ்சம் இழுத்து, மறுபடி உதைத்தாள். ஒரு இருமல், ஒரு புகை வளையம், அமைதி. தம்பி வாயைத் திறந்தான், தையல்காரர் அவன் காலை மிதித்தார். அவள் கார்பரேட்டரைத் தட்டிப் பார்த்தாள், காத்திருந்தாள், மூக்கருகே பெட்ரோல் வாசனை அடங்கும்வரை நின்றாள். பிறகு உதைத்தாள்.

பிடித்துக்கொண்டது. முதலில் தடுமாறி, பிறகு ஒரு சீராக, நெஞ்சில் மோதுகிற அந்தப் படபடப்பு தெரு முழுக்க நிறைந்தது. மாடிகளில் ஜன்னல்கள் திறந்தன.

“போயேன்! என்ன பாத்துட்டு நிக்கிற? ஏறு, போ!” என்று கத்தினார் தையல்காரர்.

“இருங்க, சூடாகட்டும்.”

“அதெல்லாம் போற வழியில சூடாகும்க்கா!” என்றான் தம்பி.

அவள் மூடியில் கை வைத்துப் பார்த்தாள், காதைக் கொடுத்துக் கேட்டாள். தனக்குத் திருப்தியானதும் ஏறி உட்கார்ந்தாள். கிளட்சை விட்டாள். வண்டி ஒரு குலுக்கலோடு கிளம்பி, பழக்கடையைக் கடந்து, தெருமுனையில் சாய்ந்து, திரும்பி மறைந்தது. சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

மாமனும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தையல்காரர் கையிலிருந்த கத்தரிக்கோலோடு ஓட ஆரம்பித்தார். முனைக்குப் போவதற்குள் அவளே எதிரே வந்தாள், வண்டியைத் தள்ளிக்கொண்டு. நெற்றியில் வியர்வை, கன்னத்தில் கரி, வாயெல்லாம் பல்.

“முனையைத் தாண்டிட்டேன்ங்க! பள்ளிக்கூட வாசல் வரைக்கும் போனேன்!”

“நின்னுபோச்சா?”

“பெட்ரோல் சரியா இறங்கல. குழாய்ல ஏதோ அழுக்கு இருக்கு, இல்லன்னா டேங்க்குக்கு அடியில துரு.” வண்டியை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, நடைபாதை ஓரத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். “டேய், அந்தச் சின்ன ஸ்பேனர எடு. ஏங்க, ஒரு தட்டு கொண்டாங்க, கழட்டினத வரிசையா வைக்கணும்.”

தட்டு வந்தது. அவள் முதல் திருகைக் கழற்றி, தட்டில் அதற்கான இடத்தில் வைத்தாள்.